எங்கள் ஆசிரியரின் ஆசிரியர்

சென்ற மாதம் நமது சங்கத்துப் புத்தக அலமாரிக்குப் பூட்டுப் போட்டவன் நான்தான். மூன்று புத்தகங்கள் திரும்பி வரவில்லை என்ற கோபம். சாவியோடு வீடு திரும்பிய அன்றிரவு உறக்கம் வரவில்லை. நூலகப் பயிற்சி பெற்றவன் செய்கிற காரியமா இது!

எழுபதுகளில் சென்னையில் எனக்குப் பாடம் சொன்ன பெரியவர், டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களிடம் பயின்றவர். பெயரைச் சொல்ல மாட்டார். "எங்க வாத்தியார்" என்றுதான் சொல்வார். ரங்கநாதன் அவர்கள் 1972-இல் மறைந்துவிட்டதால் நான் அவரைக் கண்டதில்லை. ஆனாலும் அவரிடமே படித்தது போன்ற ஒரு நினைப்பு இன்றுவரை உண்டு.

சீர்காழியில் 1892-இல் பிறந்த அவர், முதலில் பிரசிடென்ஸி கல்லூரியில் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாட்களிலேயே வெறுத்துப் போயிற்று. பாடம் சொல்ல மாணவர்கள் இல்லை. புத்தகம் தேடி வருவோரும் சொற்பம். கல்லூரி முதல்வரிடம் ஓடிப் பழைய வேலையைக் கேட்டார். லண்டனில் பயிற்சி பெற்று வாரும், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினாராம் முதல்வர்.

லண்டனில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ். அவர் க்ராய்டன் நகரத்தின் தலைமை நூலகர். ஆம், நம்மில் பலர் வசிக்கும் அதே க்ராய்டன்தான்! குழந்தைகளும் தாய்மார்களும் தொழிலாளிகளும் உரிமையோடு நூலகங்களுக்கு வந்து போவதை ரங்கநாதன் இந்நாட்டில் கண்டார். அதன்பின் கணிதத்துக்குத் திரும்பவில்லை.

1925-இல் ஊர் திரும்பி, வாசகர்களே அலமாரியிலிருந்து புத்தகம் எடுக்கும்படி செய்தார். 1929-இல் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கிற்று. ஏங்கிய மாணவர்கள் அவருக்குக் கிடைத்தார்கள். புத்தகம் இருப்பது பயன்படுவதற்கே என்பதை, 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தார். பிற்காலத்தில் ஒரு லட்சம் ரூபாய்ச் சேமிப்பை, நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை மனைவி சாரதா பெயரில் அமைக்கப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.

எங்கள் ஆசிரியர் அந்த முதல் விதியை விளக்கியதில்லை. நூலகத்துக்குள் எங்களை அழைத்துப் போய் ஒரு புத்தகத்தின் மேல் விரலை ஓட்டிக் காட்டுவார். தூசி ஒட்டினால், "இதாம்ப்பா காணாமப் போன புத்தகம்" என்பார்.

மறுவாரமே பூட்டை எடுத்துவிட்டேன். அதற்குள் மூன்றில் ஒன்று வந்து சேர்ந்தது, அட்டையில் சாம்பார்க் கறையோடு. நான்கு வீடுகள் சுற்றி வந்ததாம்! அலமாரியின் பக்கத்தில் நோட்டும் பென்சிலும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எடுப்பவர்கள் பெயரை எழுதினால் போதும். மற்ற இரண்டும் எவரிடம் இருக்கின்றனவோ, அவர்கள் நிதானமாகப் படித்துவிட்டுக் கொண்டு வரட்டும்.