பிடித்தவன் விட வேண்டும்

நூம்பலில் பிறந்து வளர்ந்த எனக்குச் சிறு வயதில் தெரிந்த ஆட்டம் சடுகுடு ஒன்றே. பாடி வருபவனின் கணுக்காலைப் பற்றிவிட்டால், அவன் மூச்சு முடியும்வரை விடக் கூடாது. அந்தப் பிடிதான் என் பெருமை. கல்லூரி நாட்களில் அதைக் கண்ட ஒரு பயிற்சியாளர், "தம்பி, ரக்பி ஆட வருகிறாயா?" என்று கேட்டார். மறுநாளே வேலப்பன்சாவடியில் பஸ் ஏறி நகரத்து மைதானத்திற்குச் சென்றேன்.

ரக்பி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நாளன்றே கல்கத்தாவில் ஆடியிருக்கிறார்கள். பின்னர் அங்கிருந்த சங்கம் கலைந்தபோது, எஞ்சிய 270 வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் போட்டியிடுவது அந்தக் கல்கத்தாக் கோப்பைக்காகவே.

அணிக்குப் பதினைந்து பேர். எனக்குக் கிடைத்தது ஏழாம் எண் சட்டை. அந்த இடத்திற்கு 'ஓபன்சைடு ஃபிளாங்கர்' என்று பெயர். பக்கத்துக்கு எட்டுப் பேர் தோள் கோத்து முட்டும் 'ஸ்க்ரம்' என்ற கூட்டத்தில், மைதானம் எந்தப் பக்கம் அகன்று கிடக்கிறதோ அந்த ஓரத்தில் அவன் ஒட்டி நிற்பான். பந்து வெளிவந்ததும் எல்லோருக்கும் முன்னதாகப் பாய்ந்தோடி, அதை ஏந்தி வருபவனை அணைத்து வீழ்த்த வேண்டும். இதுவரை சடுகுடு எனக்குக் கைகொடுத்தது.

அதற்கு மேல்தான் சிக்கல். வீழ்த்தியவன் உடனே பிடியை விட வேண்டும். எழுந்து இரு கால்களிலும் நின்ற பிறகே பந்தில் கை வைக்கலாம். என் கைகளோ விட மறுத்தன. ஒரு போட்டியில் இரண்டு புள்ளிகள் முன்னணியில் இருந்தோம். கடைசி நிமிடத்தில் விழுந்தவனை விடாமல் பிடித்துக் கிடந்தேன். நடுவர் ஊதினார். தண்டனை உதையில் மூன்று புள்ளிகள் போயின. ஒரு புள்ளியில் தோற்றோம்.

பயிற்சியாளர் கடிந்துகொள்ளவில்லை. "பிடிக்க உனக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை, தம்பி. விடக் கற்றுக்கொள். விட்டால்தான் எழ முடியும், எழுந்தவனுக்குத்தான் பந்து" என்றார். பல மாதங்கள் மணல் மூட்டையை அணைத்து விழுவதும், விடுவதும், எழுவதுமாகப் பழகினேன். மெல்ல மெல்லக் கைகள் கேட்கத் தொடங்கின.

ஆண்டுகள் கழிந்தன. தந்தையார் மறைந்தபின் எனக்கும் தம்பிக்கும் வீட்டு மனையில் ஒன்றரை அடி எல்லைத் தகராறு. இரண்டாண்டுகள் பேச்சில்லை. ஓர் இரவு உறக்கம் வராமல் கிடந்தபோது, பயிற்சியாளரின் சொல் நினைவுக்கு வந்தது. மைதானத்தில் பல மாதங்களில் கற்றதை வீட்டில் மறந்துவிட்டேனே என்று வெட்கப்பட்டேன்.

விடிந்ததும் தம்பியின் வாசலில் போய் நின்றேன். "நீ சொல்லும் இடத்திலேயே சுவரை எழுப்பிக்கொள்" என்றேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உள்ளே வாருங்கள் அண்ணா, காப்பி குடித்துவிட்டுப் போகலாம்" என்றான்.

அந்த ஒன்றரை அடியில் அவன் ஒரு முருங்கை நட்டிருக்கிறான். அது சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் சாய்ந்து காய்க்கிறது. பறித்துக்கொள்ளும்படி அவனே சொல்லியனுப்புகிறான்.