பென்சீன் மணந்த மாடி

கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட் மாடிப்படியில் கால் வைக்கும்போதே தெரிந்துவிடும், இன்று யாருக்கு பிராக்டிகல் என்று. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் யூஜி பையன்கள் சால்ட் பார்க்கிறார்கள், கிப் கருவி ஓடுகிறது. வாழைப்பழ எசென்ஸ் மணந்தால் எவனோ எஸ்டர் தயாரிக்கிறான். இனிப்பாக, லேசாகக் கிறங்க வைக்கிற மாதிரி ஒன்று வந்தால் அது கடைசி அறை, ரிசர்ச் ஸ்காலர்கள் இருக்கிற இடம். பென்சீன். உனக்கும் அந்த மணம் பிடிக்கும், இல்லையென்று சொல்லாதே. பெட்ரோல் பங்கில் நின்று மூச்சை இழுத்து விடுகிற வயசுதானே அது.

அந்த அறையில் பென்சீன் தண்ணி பட்ட பாடு படும். குரோமட்டோகிராஃபி காலம் ஓட்டப் பென்சீன், மறுபடிகமாக்கப் பென்சீன், கண்ணாடி மூட்டில் பூசிய கிரீஸ் கையில் ஒட்டினால் பஞ்சில் நனைத்துத் துடைக்கவும் பென்சீன். விரல் நுனி வெளுத்து, வறண்டு, சாயங்காலம் தேங்காய் எண்ணெய் கேட்கும். சார் கரும்பலகையில் அறுகோணம் வரைந்து 1865-ல் கெக்குலே சொன்னதையும், அவர் கனவில் வாலைக் கவ்விய பாம்பையும் மணி அடிக்கும் வரை பேசுவார். அதே அறுகோணம் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போய், எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து லுகேமியா வரை கொண்டுபோகும் என்கிற பேச்சு அந்தக் கரும்பலகைக்கு வரவே இல்லை. இவ்வளவுக்கும் லியோனில் இருக்கிற பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1965-லேயே தொடங்கியாகிவிட்டது. பென்சீன், ஆறிணைதிறன் குரோமியம், பென்சிடின், பீட்டா நாஃப்தைலமின், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் இன்று அதன் முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றன. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவை வைக்கிற வகுப்பு அது. நம் அலமாரியைப் பார்த்துப் பட்டியல் போட்ட மாதிரி இருக்கும்.

மூலையில் குரோமிக் ஆசிட் ஜாடி. பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்து அடர் சல்ஃப்யூரிக் விட்டால் செக்கச் செவேலென்று வரும். பிப்பெட்டுகள் ராத்திரி முழுக்க அதில் ஊறும். காலையில் கழுவி எடுத்தால் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்காது, அப்படியொரு பளபளப்பு. செம்மை மங்கிப் பச்சையாகிவிட்டால் அதன் சத்து போச்சு. குழாயைத் திறந்துவிட்டு சிங்க்கில் ஊற்றிவிடுவோம், அது எந்த வாய்க்காலுக்குப் போனதோ. சட்டையில் தெறித்தது அன்றைக்குத் தெரியாது. அம்மா துவைத்து உதறும்போதுதான் பொத்தல் பொத்தலாக உதிரும். "ஏலே, காலேஜுக்குப் போறியா, கொல்லம்பட்டறைக்குப் போறியா?"

அண்ணாச்சியைச் சொல்லாமல் அந்த லேபைச் சொல்ல முடியாது. லேப் அட்டெண்டர், காக்கி அரைக்கால் சட்டை, காதில் பென்சில். பத்தாவது தாண்டாதவர். ஆனால் மொத்த டிபார்ட்மெண்டிலும் பயப்படத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பேன். கிழக்குச் சன்னலைத் திறக்காமல் பாட்டில் மூடியைத் திருகமாட்டார். "காத்து ஒன் முதுவுல இருந்து வரணும் தம்பி, மூஞ்சில இருந்து வரக்கூடாது." பென்சிடினும் நாஃப்தைலமினும் தனி அலமாரியில், சாவி அவர் இடுப்பில். எதற்கு என்று கேட்டால், பழைய புரொபசர் சொன்னார், அவ்வளவுதான். இதே இனத்துச் சரக்கில் சாயம் தயாரிக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை 1895-ல் லூட்விக் ரேன் என்கிற ஜெர்மன் டாக்டர் சொன்ன கதை எனக்கே பின்னால்தான் தெரிந்தது. அண்ணாச்சி மத்தியானம் ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் அடக்கிக்கொள்வார். விஷப்புகையை அது இழுத்துக்கொள்ளுமாம். இழுக்காது. ஆனால் அதற்கு முன்னால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாரே, அந்தப் பாதி சரியான வைத்தியம்.

நாம்? அதே மேசையில், ஆஸ்பெஸ்டாஸ் வட்டம் பூசிய கம்பிவலைமேல் பீக்கர் வைத்து டீ போட்டோம். வெள்ளைப் பூச்சு பொரிந்து தூளாக விழும், ஊதித் தள்ளிவிட்டு பிஸ்கட்டை நனைப்போம். பர்னரின் நீல நாக்கு, கொதிக்கிற டீத்தூள், பக்கத்து மேசை அசிட்டோன். அதற்கப்புறம் எந்த ஸ்டார் ஓட்டல் டீயிலும் அந்த ருசி வரவில்லை.

போன வருஷம் வைவா எடுக்க ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். லேபுக்குள் போனால் ஒரு வாசமும் இல்லை. ஃப்யூம் ஹுட் உறுமிக்கொண்டிருக்கிறது. பென்சீன் இருந்த இடத்தில் டொலுவீன். பாட்டில்களில், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம், சிவப்புச் சாய்சதுரத்துக்குள். ஒரு பெண் ஏதோ தூளை நிறுக்கிறாள். காலிக் குப்பியை மூடியோடு நிறுத்தாள், ஹுட்டுக்குள் கொண்டுபோய்க் கொஞ்சம் போட்டு மூடினாள், துடைத்து எடுத்துவந்து மறுபடி நிறுத்தாள். தராசுப் பக்கம் ஒரு துகள் பறக்கவில்லை. கதவைத் திறக்குமுன் நீலக் கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்துப் போட்டாள். குளோரின் சேர்ந்த கழிவுக்கு ஒரு கேன், சேராததற்கு இன்னொன்று. டீ கேட்டேன். "லேபுக்குள்ள தண்ணிகூடக் குடிக்கமாட்டோம் சார்" என்று காரிடாருக்குக் கூட்டிப்போனாள். மெஷின் டீ, காகிதக் கோப்பை. அட்டெண்டர் எங்கே என்றேன். ரிட்டயர் ஆனவர் இடத்துக்கு ஆள் போடவில்லையாம்.

நீ இப்போது ஏதோ ஒரு கல்லூரியில் துறைத் தலைவர் என்று கேள்விப்பட்டேன். உன் ஸ்டோர் ரூம் பின்வரிசையில் லேபிள் உரிந்த பழுப்புப் பாட்டில்கள் கட்டாயம் கிடக்கும். பழைய ஞாபகத்தில் திறந்து மோந்து பார்க்காதே, சிங்க்கிலும் ஊற்றாதே. பட்டியல் எழுதி, அபாயக் கழிவு எடுக்க அனுமதி உள்ளவர்களைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிடு. அந்தக் கம்பிவலைகளையும் சேர்த்துக் கொடு.