‘வண்டியில இருந்து விழுந்துட்டான் சிஸ்டர்!’

எங்கள் கீழப்பாவூரில் இப்போது எந்தத் தெருவில் வீடு கட்டினாலும், சென்ட்ரிங் அடிக்கவும் கலவை சுமக்கவும் பீகார், ஒடிசா பையன்கள் வந்துவிடுகிறார்கள். போன வருஷம் எங்கள் தெருவில் அப்படி ஒரு பையன் சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அம்மாவும் நானும்கூட ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

“எப்படிப்பா விழுந்தே?” என்று நர்ஸ் கேட்டார். அவனுக்குக் கேள்வி புரிவதற்குள் கான்ட்ராக்டர் முந்திக்கொண்டார்: “வண்டியில இருந்து விழுந்துட்டான் சிஸ்டர்.” “சாரத்துல இருந்துதானே...” என்று நான் ஆரம்பித்ததும், “நீங்க சும்மா இருங்கம்மா, போலீஸ் கேஸ் ஆயிரும்” என்றார். சீட்டிலும் ‘வண்டி’ என்றே ஏறியது. மாவுக்கட்டோடு அவனை ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள்.

விபத்துச் செய்திகளை இணையத்தில் ஏற்றுவது என் வேலை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரா, ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். நாடே பேசியது. ஆனால், ஒற்றை மணிக்கட்டு முறிந்தால் அது செய்தியாவதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட உண்மையாகப் பதிவாவதில்லை.

அந்த ஒரு வரிக்கு அத்தனை மதிப்பு. வேலையில் அடிபட்டால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. வெளிமாநிலத்துக்காரர் என்பதால் அந்த உரிமை போய்விடாது. ஆனால், கேட்கப் போனால் முதலில் பார்ப்பது ஏ.ஆர். காப்பியைத்தான். அதில் ‘வண்டி’ என்று இருந்தால், சாரத்திலிருந்து விழுந்ததை எப்படி நிரூபிப்பது?

இதைச் சொன்னபோது, சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பிய என் மாமா சிரிக்கவில்லை. விரலை நீட்டிக் காட்டினார். ஒரு கணு இல்லை. “நானும் ரூம்ல கதவு இடுக்குல மாட்டிக்கிட்டுன்னுதான் சொன்னேன் பிள்ள. சூப்பர்வைசர் அப்படிச் சொல்லச் சொன்னாரு. ஏஜென்ட் கடன் பாதி அடையல. பெர்மிட் முதலாளி கையில. உண்மையச் சொன்னா மறுநாளே பிளைட்டு ஏத்திருவாவளோன்னு பயம்.”

அங்கேயும் வேலைக் காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டம் உண்டு. மாமாவின் வாயை அடைத்தது கடன். பீகார் பையனுக்கோ, கடன் இருந்ததோ என்னவோ, பாஷையும் இல்லை.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994-லிருந்து இருக்கிறது. பெரிய கட்டடங்களுக்குச் செலவில் 1 சதவீதம் அதற்காகத்தான் வசூலிக்கிறார்கள். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்கள் அதில் பதிந்திருக்கிறார்களா என்று கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். சாரத்துக்குக் கட்டும் கயிறு, பலகை சரியாக இருக்கிறதா என்று ஒரு நடை பாருங்கள்.

அப்படியும் யாராவது விழுந்துவிட்டால், ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். இந்தி தெரிந்த ஒருவரைப் போனிலாவது பிடியுங்கள். எப்படி விழுந்தான் என்பதை அவனே சொல்லட்டும்.