பெயரும் பதவியும்

தமிழ் ஆனர்ஸ் பயிலும் ஒருவன் கணிப்பொறியைப் பற்றி எழுதப் புகுந்தது யாது கருதியோ என நண்பர் சிலர் வினவக்கூடும். நன்னூலார் வகுத்த இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் பாகுபாடு அப்பொறியினுள்ளும் வந்து நிற்கக் கண்டேன், அதுவே காரணம்.

2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அண்ணன் வாங்கித் தந்த புதிய மடிக்கணினியில் டெபியன் என்னும் இயங்குதளத்தை நிறுவினேன். அதன் 12-ஆம் பதிப்பு இக்கணினியின் கம்பியில்லா இணைப்புக் கருவியை அறிந்திலது. 13-ஆம் பதிப்போ இன்னும் வெளிவராது சோதனை நிலையில் இருந்தது. அதனையே கொண்டேன்.

திருத்தங்கள் எக்களஞ்சியத்தினின்று வரல் வேண்டும் என்பதைச் சிறியதொரு பட்டியல் தீர்மானிக்கின்றது. அதில் 'டெஸ்டிங்' என்றும் எழுதலாம். 'டிரிக்ஸி' என்றும் எழுதலாம். அன்று இரண்டும் ஒரே களஞ்சியத்தையே சுட்டின. ஆயினும் முன்னது பதவி, பின்னது பெயர். விடுதிச் செயலாளருக்கு என்று முகவரியிட்ட கடிதம் அடுத்த ஆண்டில் வேறொருவர் கையிற் சேருமன்றோ? டெபியனார் தம் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' திரைப்படப் பாவைகளின் பெயர்களை இடுவர். பாவைகளை உடைக்கும் சிறுவனாகிய 'சிட்' என்பானின் பெயரை மட்டும், என்றும் நிலைபெறாத களஞ்சியத்துக்கு இட்டனர். இடுகுறிபோல் தோன்றினும் இஃது காரணப்பெயரே!

ஆகஸ்டு 9-ஆம் நாள் டிரிக்ஸி நிலைப்பதிப்பாயிற்று. 'டெஸ்டிங்' என்னும் பதவியில் 'ஃபோர்க்கி' அமர்ந்தது. பதவியை எழுதியிருந்தோரைப் பொறி, களஞ்சியத்தின் பெயர் மாறியுள்ளது, ஏற்பீரோ என வினவும். ஆம் என்றால், அடுத்த பதிப்பின் முதிராத மென்பொருள்கள் அன்றுமுதல் வந்துகொண்டே இருக்கும். எங்கள் விடுதியில் பௌதிகம் பயிலும் நண்பரொருவர் அவ்வழியை விரும்பியே சென்றார். புதியன உடைவதைக் கண்டு திருத்துதல் அவர்க்கு இன்பம். எனக்கு அஃது இயலாது. காலஞ்சென்ற என் பாட்டியாரின் தாலாட்டுகளை ஒலிப்பதிவினின்று எழுத்தில் வடித்து வருகிறேன். ஒரு சொல்லைத் தெளிய இருபது முறை கேட்கவேண்டியிருக்கிறது. ஒலிக்கருவி ஒருநாள் ஊமையாயின், அன்றைய வேலை நின்றுவிடும்.

நிறுவும் செயலி தானே பட்டியலில் எழுதி வைப்பது பெயரைத்தான். அதனை யான் மாற்றவில்லை. பதிப்பு வெளிவந்தபின் என் பொறி உரைத்தது ஒரு வரியே: டெஸ்டிங்காக இருந்தது ஸ்டேபிள் ஆயிற்று என்று. ஆனால் பெயரை எழுதியோன் அப்பெயருடனேயே நின்றுவிடுவான். டிரிக்ஸிக்குத் திருத்தங்கள் வருவது சில ஆண்டுகளில் முடியும். அதற்குமுன் அச்சொல்லை என் கையாலேயே அழித்து வேறெழுதல் வேண்டும். அதற்குள் தாலாட்டுகள் முடிந்திருக்கும் என நினைக்கிறேன். இன்னும் பதினொன்று உள.