தம்பியைச் சுமந்த அக்கா

காக்ஸ் டவுனில் ஒரு மாலைப்பொழுது. பள்ளி விட்டு வந்த சிறுமி, தெருமுனையில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் முன் நின்றாள். மணற்குவியலின் அருகே, அவள் வயதுடைய மற்றொரு சிறுமி மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் சுமந்து நின்றாள். தாய் செங்கல் சுமந்துகொண்டிருந்தாள்.

“பாட்டி, அந்தப் பெண் ஏன் பள்ளிக்குப் போவதில்லை?” என்று வீட்டிற்கு வந்ததும் கேட்டாள்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டியின் கை நின்றது. “நானும் அப்படித்தான் கண்ணு, ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன்” என்றார்.

பாட்டி பிறந்தது தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர். மழை பொய்த்தால் அங்கே கூலி வேலையே கதி. பெற்றோர் இருவரும் விடியலில் கிளம்பிவிடுவர். காமராசர் 1956இல் விரிவுபடுத்திய மதிய உணவுத் திட்டம் அவ்வூர்ப் பள்ளிக்கும் வந்திருந்தது. “பள்ளியில் சோறு இருந்தது, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில்தான் ஆள் இல்லை” என்றார் பாட்டி.

குழந்தையின் வறுமை தனித்து நிற்பதன்று; அது குடும்பத்தின் வறுமை. ஆகவே, குடும்பத்தின் சுமையைக் குறைக்காமல் குழந்தையை மட்டும் உயர்த்த இயலாது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள், தம்பி தங்கைக்கு உணவும் பாதுகாப்பும் தந்து, அக்காவின் கைகளில் புத்தகம் ஏற வழி செய்தன. 1982இல் சத்துணவுத் திட்டமும், 2022இல் காலை உணவுத் திட்டமும் தமிழ்நாட்டில் தொடங்கின. கூலி வேலைக்கு விரையும் தாயின் காலைப்பொழுதில் ஒரு கவலை குறைந்தது.

மலைவாழ் மக்களின் நிலை இன்னும் கடினமானது. பெங்களூரிலிருந்து மைசூரு, பந்திப்பூர், முதுமலை வழியே சென்றால் நீலகிரி மாவட்டத்தின் கூடலூரை அடையலாம். அங்கு வாழும் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் முதலியோர், தம் முன்னோர் வாழ்ந்த நிலத்திலேயே உரிமையிழந்து பிறர் தோட்டங்களில் கூலிகளாயினர். அங்குப் பணி தொடங்கிய அக்கார்டு என்னும் தொண்டு நிறுவனம், பெற்றோரிடமிருந்தே தொடங்கியது. மக்கள் சங்கமாகத் திரண்டு நில உரிமை கேட்டனர்; தம் நிலத்தில் தேயிலை நட்டனர். பின்னர் அவர்களுக்கென மருத்துவமனை எழுந்தது. பழங்குடிப் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்றனர். வித்யோதயா பள்ளியில் அவர்களின் கதைகளும் பாடல்களும் பாடமாயின. நிலம், உடல்நலம், தன்மதிப்பு ஆகிய மூன்றும் இல்லத்தில் நிலைத்தால்தான் குழந்தையின் கல்வியும் நிலைக்கும்.

பாட்டி சொல்லி முடித்தபோது விளக்கேற்றும் நேரமாகியிருந்தது. “அப்படியானால் நாம் அவளுக்கு என்ன செய்வது? என் பழைய பையைக் கொடுக்கட்டுமா?” என்றாள் சிறுமி.

“பை பிறகு கொடுக்கலாம். முதலில் அவள் இடுப்பிலிருக்கும் தம்பியை இறக்க வேண்டும் கண்ணு.”

மறுநாள் காலை பாட்டி கட்டடத்திற்குச் சென்று அந்தத் தாயிடம் பேசினார். அவளுக்குத் தமிழ் தெரியாது. பாட்டி தமக்குத் தெரிந்த கன்னடத்தில் எடுத்துரைத்தார். பின்னர் இருவரும் சிறுவனை அழைத்துக்கொண்டு அருகிலிருந்த அங்கன்வாடியை நோக்கி நடந்தனர். அக்கா பின்தொடர்ந்தாள். அவள் இடுப்பில் அன்று சுமை இல்லை.