பாரியும் என் தலைப்பெழுத்தும்

பாரி என்றதும் நம் நினைவுக்கு வருபவன் முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளல். சென்னைப் பாரிமுனையின் பாரி வேறு. 1788-இல் சென்னைக்கு வந்த வணிகர் தாமஸ் பாரி, வேல்ஸ் நாட்டினர். அந்நாட்டு மொழியில் 'ஆப்' என்றால் மகன். 'ஆப் ஹாரி', அதாவது ஹாரியின் மகன், பேச்சுவழக்கில் 'பாரி' ஆயிற்று. பின்னர் ஆங்கிலேயர் முறைப்படி அதுவே மாறாத குடும்பப் பெயராக நிலைத்தது. 1824-இல் நம் பரங்கிப்பேட்டையில் அவர் மறைந்தார். பெயரோ நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் இன்றும் வாழ்கிறது.

நமக்கோ தலைமுறைதோறும் தந்தையின் பெயரே தலைப்பெழுத்தாகிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் உழைக்கும் என் தந்தை கல்லூரியில் பயின்றதில்லை. ஆயினும் நண்பர்களே, நாளை நான் பெறும் பட்டத்தில் முதலில் நிற்பது அவர் பெயரின் எழுத்தன்றோ!