பெயர் மட்டும் நின்ற விலங்கு

கடியப்பட்டணத்துக் கரையில் வலை வந்து சேர்ந்ததும் சிறுவர்கள் மீன்களைப் பெயர் சொல்லிப் பிரிப்பர். சாளை, அயிலை, நெய்மீன் என எப்பெயரைக் கூறினும் அதற்குரிய மீனை எடுத்துக் காட்டுதல் கூடும். உயிர்களுக்கு அறிவியலார் இடும் பெயருக்கும் இதுவே முறை. புதிய இனம் ஒன்றுக்குப் பெயரிடுவோர் அதன் மூலச் சான்றைக் காட்சிச்சாலை ஒன்றில் வைத்துக் காத்தல் வேண்டும். ஐயுற்றவர் சென்று ஒப்புநோக்குவர்.

மண்மறைந்த விலங்குகளுக்கு எலும்பே சான்று. அதனைக் கடியப்பட்டணத்துப் பாறைகளில் தேடுதல் வீண். அவை பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. சேறும் மணலும் படிந்து இறுகிய நிலமே எலும்பைப் பேணும். அத்தகைய நிலம் அரியலூர்ப் பகுதியில் உண்டு. அங்குள்ள கல்லமேட்டின் மண்ணடுக்கு ஏறத்தாழ 7 கோடி ஆண்டு பழமையானது.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் அவ்விடத்தில் மாபெரும் எலும்புகளைக் கண்டனர். கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். வளர்ந்த மனிதனினும் உயரம்! அவ்விலங்கிற்குப் 'பிருஹத்காயோசாரஸ் மாட்லேயி' என்று பெயரிட்டனர். பேருடல் என்னும் வடசொல்லும் பல்லி என்னும் கிரேக்கச் சொல்லும் கூடியது முற்பகுதி. பிற்பகுதி, அவ்வட்டாரத்து எலும்புகளைப் பற்றி 1929இல் எழுதிய மாட்லி என்னும் ஆங்கிலேய அறிஞரைப் போற்றுவது. வடமொழியும் கிரேக்கமும் ஆங்கிலேயர் பெயரும் ஒன்றுகூடியும், அகப்பட்ட ஊரின் பெயர் அதில் இடம்பெறவில்லை என்பது தமிழர்க்குச் சிறிது குறையே.

முதலில் அதனை ஊனுண்ணி என்று எண்ணினர். பின்னர், நீண்ட கழுத்துடைய தழையுண்ணி என்று அறிஞர் கருதினர். எவர் கூற்று மெய்யென எலும்பைப் பார்த்துத் தெளியலாம் அன்றோ? அதற்கு வழியில்லாது போயிற்று. ஈரக் களிமண்ணில் கிடந்து நைந்திருந்த அவ்வெலும்புகள் காட்சிச்சாலையைச் சேருமுன்னரே உதிர்ந்து மண்ணாயின. சில கோட்டுப் படங்களே எஞ்சின. அவை எலும்பே அல்ல, கல்லாகிய மரம் என்று சொன்னவரும் உளர். அவ்வையத்தை எளிதில் தள்ளவும் இயலாது. அதே வட்டாரத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கின்றது.

2022இல் அய்யாசாமியும் சௌரப் பால் என்பவரும், அகழ்ந்த காலத்து ஒளிப்படங்களை வெளியிட்டனர். மண்ணிடையே எலும்பு கிடந்த நிலையை அவற்றில் காணலாம். எலும்பென்பதற்கு அவை வலுவூட்டின. எனினும் படத்தை அளந்து இனத்தைத் துணிதல் அரிது. ஆதலின் ஐயத்திற்குரிய பெயர்களின் வரிசையிலேயே அறிஞர் பலர் அதனை வைத்துள்ளனர்.